கத்தி யார் கைக்கு வரும்? அறுவை மருத்துவ முதுநிலைத் தேர்வுமுறையும் தலித் விண்ணப்பதாரர்களின் பார்வையும்

நீட் முதுநிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் ஆண்டுதோறும் இரண்டு விவாதங்கள் தவறாமல் எழுகின்றன. தேர்வு ஒரே வேளையில் நடந்ததா, இரு வேளைகளில் நடந்ததா, மதிப்பெண்கள் எவ்வாறு சமன்செய்யப்பட்டன என்பது ஒன்று. இட ஒதுக்கீட்டால் ‘தகுதி’ அழிகிறது என்பது மற்றொன்று. முதல் விவாதத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மருத்துவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இரண்டாவதில் பேச்செல்லாம் அவர்களைப் பற்றியதுதான்; ஆனால் அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. அந்த இரண்டாவது விவாதம் உச்சத்துக்குச் செல்வதும் பெரும்பாலும் அறுவை மருத்துவத்தைச் சுட்டியே. ஒதுக்கீட்டில் வந்தவரிடம் உங்கள் வயிற்றைத் திறக்கக் கொடுப்பீர்களா என்ற கேள்வியைக் கேட்காத தலித் மருத்துவர் ஒருவரை நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை.

மருத்துவச் சேர்க்கை தொடர்பாகச் சட்ட ஆலோசனைக்கு எங்களை நாடி வருவோரில் அறுவைத் துறைகளுக்கு விண்ணப்பித்தவர்கள் கணிசமானோர். அவர்கள் சொல்வதைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் தேர்வு என்பது கணினி முன் அமரும் மூன்றரை மணி நேரமும் அதைத் தொடரும் கலந்தாய்வும் மட்டுமே. விண்ணப்பதாரரின் கணக்கில் அது வேறு. வேலைக்குச் செல்லாமல் ஓராண்டு படிக்க யாருக்கு இயல்கிறது என்பதில் அது தொடங்குகிறது. அறுவை அரங்கில் கத்தி யாருடைய கையில் தரப்படுகிறது என்பதில் முடிகிறது. அந்த நீண்ட வழியில் இட ஒதுக்கீடு காவல் நிற்பது நடுவிலுள்ள ஒரே ஒரு வாசலில். இக்கட்டுரை அந்த வாசலையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இருட்டையும் பற்றியது.

பாதையின் அமைப்பு

எம்.பி.பி.எஸ். படிப்பும் கட்டாயப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் பொது அறுவை, எலும்பியல், காது மூக்கு தொண்டை, கண், மகப்பேறு போன்ற துறைகளில் எம்.எஸ். மூன்றாண்டுகள். மூளை நரம்பியல் அறுவை, சிறுநீரகப் பாதை அறுவை, இதய நெஞ்சக அறுவை, புற்றுநோய் அறுவை, குழந்தைகள் அறுவை ஆகியவற்றில் தேர்ச்சி பெற எம்.சிஎச். என்னும் உயர் சிறப்புப் படிப்பு மேலும் மூன்றாண்டுகள். பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைந்தவர் ஓராண்டும் வீணாகாமல் படித்தாலும் முப்பதை ஒட்டித்தான் முழுமையான சிறப்பு அறுவை மருத்துவராக வெளியே வருகிறார்.

எம்.எஸ். சேர்க்கைக்குத் தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் நீட் பி.ஜி. தேர்வு வாயில். 200 வினாக்கள், 800 மதிப்பெண்கள், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைவு. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. முதலிய நிறுவனங்களுக்கு இனி-செட் என்னும் தனித் தேர்வு உண்டு. எம்.சிஎச். சேர்க்கைக்கு நீட் எஸ்.எஸ்.; மேற்சொன்ன நிறுவனங்களுக்கு மீண்டும் தனித் தேர்வு.

அரசுக் கல்லூரிகளின் எம்.எஸ். இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. அதில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய பிரிவினருக்கு 10. மாநிலத்திடம் எஞ்சும் பாதியில் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டுச் சட்டம் செயல்படுகிறது: பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டையும் சேர்த்து 18, பழங்குடியினருக்கு 1. ஆகவே ஒரே கல்லூரியின் ஒரே துறையில் உள்ள இடங்களுக்கு இரு வேறு கணக்குகள். அருந்ததியர் விண்ணப்பதாரருக்கு அகில இந்தியக் கலந்தாய்வில் உள் ஒதுக்கீடு கிடையாது. தமிழ்நாட்டுப் பழங்குடி விண்ணப்பதாரருக்கோ அகில இந்தியப் பாதையில்தான் ஒதுக்கீட்டு விகிதம் கூடுதல். எந்தக் கலந்தாய்வில் எந்தச் சுற்று வரை காத்திருப்பது என்ற முடிவு இந்த வேறுபாட்டை அறிந்து எடுக்கப்பட வேண்டியது. வீட்டில் ஏற்கெனவே ஒரு மருத்துவர் இருப்பவருக்கு இதைச் சொல்லித்தர ஆள் உண்டு. முதல் தலைமுறையினர் வாட்ஸ்அப் குழுக்களை நம்புகிறார்கள்.

அகில இந்திய ஒதுக்கீடு என்ற ஏற்பாடே உச்ச நீதிமன்றத்தின் 1984 பிரதீப் ஜெயின் தீர்ப்பில் பிறந்தது. அந்த இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு கிடைக்க 2007-இன் அபய் நாத் வழக்கு வரை காத்திருக்க நேர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நாடெங்கிலுமுள்ள அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் ஒரு பெரும்பங்கு ஒதுக்கீடே இல்லாமல் நிரப்பப்பட்டது. இன்று அறுவைத் துறைகளின் மூத்த பேராசிரியர்களாக இருப்போரில் பலர் அக்காலத்தில் பயின்றவர்கள். துறைத் தலைவர் நாற்காலிகளில் ஏன் நம்மவர்கள் அரிதாகத் தென்படுகிறார்கள் என்று கேட்போர் இந்த இருபதாண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணினிக்கு முகம் தெரியாது

எங்களிடம் வரும் தலித் விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் இந்தக் கணினித் தேர்வை வெறுப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது வியப்பாக இருக்கலாம். இளநிலை நீட் தேர்வைச் சமூகநீதி நோக்கில் கடுமையாக எதிர்க்கும் அதே மருத்துவர், முதுநிலைக்கு நேர்காணலும் பரிந்துரைக் கடிதமும் கொண்ட முறை வந்தால் என்னவாகும் என்று கேட்டால் அஞ்சுகிறார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அறுவைப் பயிற்சிக்கு நேர்காணல் உண்டு, அதுவே முழுமையான மதிப்பீடு என்று இங்கே அவ்வப்போது சிலர் எழுதுகிறார்கள். நேர்காணல் மேசைக்கு மறுபுறம் யார் அமர்ந்திருப்பார்கள் என்பதை அவர்கள் எழுதுவதில்லை.

இந்த அச்சம் கற்பனையன்று. எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராய 2006-இல் அமைக்கப்பட்ட சுகதேவ் தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் நியாயமற்ற மதிப்பீட்டைச் சந்திப்பதாகக் கூறியதைப் பதிவுசெய்தது. ஆசிரியர்களின் பாராமுகம், விடுதியில் ஒதுக்கப்படுதல் ஆகியனவும் அவ்வறிக்கையில் உள்ளன. எம்.பி.பி.எஸ். காலத்திலேயே வாய்மொழித் தேர்வு மேசையில் சொந்த ஊரும் தகப்பனார் தொழிலும் விசாரிக்கப்பட்டு, அந்த விசாரணை எதற்கென்று புரிந்துகொண்டவர்கள் இவர்கள். பெயரும் முகமும் தெரியாத ஒரு கணினி அவர்களுக்குக் கருணை காட்டாது. ஆனால் ஊரைக் கேட்காது. அது போதும் என்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. எய்ம்ஸ் முதலிய நிறுவனங்களின் எம்.சிஎச். சேர்க்கையில், கணினித் தேர்வுக்குப் பின் அந்தந்தத் துறையே நடத்தும் மருத்துவச் செய்முறை மதிப்பீடு என்னும் இரண்டாம் கட்டம் இருக்கிறது. மூளை நரம்பியல் அறுவை போன்ற துறைகளில் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே ஓரிரு மதிப்பெண்கள் ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். அந்த மதிப்பெண்களை இடுவோர் விண்ணப்பதாரரை நேரில் பார்த்தே இடுகிறார்கள். மதிப்பீட்டுக் கூறுகளையும் ஒவ்வொரு கூறுக்குமான மதிப்பெண்களையும் வெளியிட வேண்டும், அமர்வை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கைகள் மிகையானவை அல்ல.

கணினிக்கு முகம் தெரியாது என்பதாலேயே அது சமமானது என்று ஆகிவிடாது என்பதையும் அதே விண்ணப்பதாரர்கள்தான் சொல்கிறார்கள். கட்டாயப் பயிற்சி முடிந்ததும் வீட்டுக் கடனுக்காகத் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணிக்குச் சேர்ந்தவரும், தந்தையின் மருத்துவமனை மாடியில் அறைபூட்டிப் படித்தவரும் ஒரே 200 வினாக்களைத்தான் சந்திக்கிறார்கள். 2022 ஜனவரியில் நீல் ஆரேலியோ நூன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றுக்கொண்டது. போட்டித் தேர்வின் மதிப்பெண் ஒருவருக்குப் பிறப்பாலும் சூழலாலும் வாய்த்த அனுகூலங்களைக் காட்டுவதில்லை, தகுதி என்பதைச் சமூகச் சூழலில் வைத்தே பொருள்கொள்ள வேண்டும், இட ஒதுக்கீடு தகுதிக்கு எதிரானதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். முதுநிலை மருத்துவத்தில் ஒதுக்கீடே கூடாது என்ற வாதம் அங்கே நிராகரிக்கப்பட்டது.

நாற்பதும் பூஜ்யமும்

பொதுப்பிரிவுக்கு 50 பெர்சென்டைல், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 பெர்சென்டைல் என்பது விதி. இதை 50 மதிப்பெண், 40 மதிப்பெண் என்று எண்ணிக்கொண்டு எழுதப்படும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. 40 பெர்சென்டைல் என்றால் தேர்வெழுதிய மருத்துவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரைவிடக் கூடுதலாகப் பெற்றவர் என்று பொருள். அதுவும் கலந்தாய்வில் கலந்துகொள்ளும் தகுதியே தவிர இடத்துக்கான உறுதியன்று. அரசுக் கல்லூரிப் பொது அறுவை இடங்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேலேயே நிரம்பிவிடுகின்றன. சேர்ந்தபின் மூன்றாண்டுகள் முடிவில் எழுதும் பல்கலைக்கழகத் தேர்வில் சாதிவாரியான தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. அனைவருக்கும் ஒரே தேர்வு, ஒரே தேர்ச்சி எல்லை.

2023 செப்டம்பரில் இந்த எல்லை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்யமாக்கப்பட்டது. தேர்வெழுதிய எவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்றானது. காரணம் எளிது. இடங்கள் காலியாகக் கிடந்தன. பெருங்கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரி இடங்களும் அவற்றில் அடக்கம். நாற்பதைக் கண்டு நோயாளியின் உயிருக்காகப் பதறியவர்கள், பூஜ்யத்தைக் கண்டபோது அதே அளவில் பதறவில்லை. விண்ணப்பதாரர்கள் இதை எங்களிடம் சொல்லும்போது கோபத்தைவிடச் சிரிப்பே மிகுந்திருக்கும். கலந்தாய்வுக்கான எல்லை தகுதியைக் காக்கும் வேலி என்றால், கட்டணம் செலுத்தக்கூடியவர் வரும்போது மட்டும் அது ஏன் விலகுகிறது?

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு இல்லை என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 15(5) உறுப்பு, சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாகத் தனியார் கல்வி நிறுவனங்களிலும் ஒதுக்கீடு வழங்கச் சட்டமியற்ற அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லுமென உறுதிசெய்தது. ஆனால் ஒன்றிய அரசு இயற்றிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றியக் கல்வி நிறுவனங்களோடு நின்றுவிட்டது. அதிகாரம் இருந்தும் சட்டம் இல்லை. கலந்தாய்வு வைப்புத்தொகையிலேயே இந்த வேறுபாடு தெரியும். அண்மை ஆண்டுகளின் தகவலறிக்கைகளின்படி, அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பட்டியல் சாதியினர் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு எந்தப் பிரிவினராயினும் 2,00,000 ரூபாய். முன்பணமே இவ்வளவு என்னும்போது அந்தக் கலந்தாய்வுப் பக்கத்தைப் பலர் திறப்பதேயில்லை.

கலந்தாய்வில் தொலையும் இடங்கள்

தமிழ்நாட்டில் ஓ.சி. என்ற சொல்லை முன்னேறிய சாதிகளின் பெயராகவே பலரும் வழங்குகிறார்கள். அது ஓப்பன் காம்பெடிஷன், அதாவது திறந்த போட்டி. எந்தச் சாதியினரும் தரவரிசைப்படி பெறத்தக்க இடம் அது. சொல்லில் நேர்ந்த இந்தத் திரிபு வெறும் பேச்சுவழக்காக நின்றுவிடுவதில்லை. தன் தரவரிசைக்குத் திறந்த போட்டியிலேயே அறுவை இடம் கிடைக்கக்கூடிய பட்டியல் சாதி மருத்துவர், தமக்குரியது ஒதுக்கீட்டு இடம் மட்டுமே என்று நம்பி விருப்பப் பட்டியலைத் தயாரிப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இதில் சட்டநிலை 1996-இன் ரித்தேஷ் ஆர். ஷா வழக்கிலேயே தெளிவாக்கப்பட்டது. திறந்த போட்டியில் இடம்பெறும் தகுதியுள்ள ஒதுக்கீட்டுப் பிரிவு விண்ணப்பதாரர் ஒதுக்கீட்டுக் கணக்கில் வரமாட்டார். அவருக்குத் திறந்த போட்டியில் கிடைப்பது விருப்பமில்லாத இடம், தம் பிரிவில் கிடைப்பது விரும்பிய இடம் என்றால், அவர் ஒதுக்கீட்டு இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அப்போதும் விழுக்காட்டுக் கணக்கில் அவர் திறந்த போட்டியில் சேர்ந்தவராகவே கருதப்படுவார். பிரிவின் மொத்த இடங்கள் குறையக் கூடாது என்பதே இதன் பொருள். முதுநிலையில் இது உயிர்நாடியான விதி. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் கல்லூரிதான் மாறும். இங்கே துறையே மாறிவிடும். மயக்கவியலா, பொது அறுவையா என்பது ஒருவரின் முழு வாழ்க்கைக்குமான வேறுபாடு. ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியானதும் ஒவ்வொரு சுற்றிலும் தம் பிரிவில் மொத்தம் எத்தனை பேருக்கு இடம் தரப்பட்டுள்ளது, அவர்களில் எத்தனை பேர் திறந்த போட்டித் தரவரிசைக்குள் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது அலுப்பான வேலை. ஆனால் இத்தகைய வழக்குகளில் நீதிமன்றத்தின் முன் நிற்கக்கூடியது அந்த எண்ணிக்கைதான்.

இடங்கள் சிறிதாகும்போது விழுக்காடும் மறைந்துவிடுகிறது. 15 விழுக்காடு என்றால் ஏறத்தாழ ஏழு இடங்களில் ஒன்று, 7.5 என்றால் பதின்மூன்று, பதினான்கு இடங்களில் ஒன்று. ஒரு நிறுவனத்தின் ஓர் அறுவைத் துறையில் ஓர் அமர்வுக்கு இரண்டே இடங்கள் இருக்கும்போது, பட்டியல் சாதியினரின் முறை எந்த ஆண்டு வரும் என்பதைச் சுழற்சிப் பட்டியல்தான் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் எந்தப் புள்ளியில் நிற்கிறது, சென்ற ஆண்டு எங்கே நின்றது என்பதை விண்ணப்பதாரர் எளிதில் அறிய முடிவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடும். ஆகவே அந்த விண்ணப்பத்தைத் தேர்வுக்குப் பின் அல்ல, தேர்வுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள் என்பதே நாங்கள் சொல்லிவரும் ஆலோசனை.

2025 ஏப்ரலில் பாவனா திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், முதுநிலைக் கலந்தாய்வில் இடங்களை முடக்கிவைக்கும் வழக்கத்தைக் கண்டித்து, கலந்தாய்வு நாட்காட்டியை நாடு முழுவதும் ஒருங்கிணைத்தல், கட்டணங்களை முன்கூட்டியே அறிவித்தல், அசல் மதிப்பெண்களையும் விடைக்குறிப்புகளையும் சமன்செய்யும் சூத்திரத்தையும் வெளியிடுதல் உள்ளிட்ட கட்டளைகளைப் பிறப்பித்தது. அடுத்த மாதமே நீட் பி.ஜி. தேர்வை ஒரே வேளையில் நடத்த உத்தரவிட்டது. தேர்வு ஆகஸ்ட் 3 அன்று அவ்வாறே நடந்தது. இவை நல்ல முன்னேற்றங்கள். சுழற்சிப் பட்டியலை வெளியிடும் கடமையும் இவ்வரிசையில் சேர வேண்டும்.

சான்றிதழ் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியரிடமும் பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியரிடமும் பெறப்படுகிறது. பழங்குடிச் சான்றிதழின் மெய்த்தன்மை விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுப்பதும், ஒருவரின் எம்.பி.பி.எஸ். முழுவதும் ஏற்கப்பட்ட சான்றிதழ் முதுநிலையில் திடீரென ஐயத்துக்குள்ளாவதும் நடக்கிறது. கிறித்தவத்துக்கு மாறிய தலித் குடும்பத்தினர் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். சேரியும் தீண்டாமையும் மாறவில்லை. சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது.

அறுவையை விரும்பியும் விலகுவோர்

தரவரிசை இருந்தும் அறுவையைத் தேர்ந்தெடுக்காத நம்மவர்கள் பலர் உள்ளனர். கதிரியக்கவியல், தோல் மருத்துவம் போன்ற துறைகளில் மூன்றாண்டுகளில் வருமானம் தொடங்கிவிடும். பொது அறுவை படித்தவர் நகரத்தில் நிலைபெற எம்.சிஎச். தேவை என்ற நிலை வந்துவிட்டது. தங்கையின் திருமணமும் தந்தையின் கடனும் காத்திருக்கையில் இன்னும் ஆறாண்டுகள் என்பது பெரிய சொல். சொந்தமாக மருத்துவமனை தொடங்க முதல் வேண்டும். அறுவைக்கு நோயாளிகளை அனுப்பிவைக்கும் மருத்துவர் வட்டம் வேண்டும். அந்த வட்டங்கள் எந்தக் கோடுகளில் அமைகின்றன என்பதை எவரும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டின் அரசுப்பணி மருத்துவர் ஒதுக்கீடு இங்கே ஒரு பெருந்துணை. மாநிலத்தின் பங்கிலுள்ள முதுநிலை இடங்களில் பாதி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணியாற்றுவோருக்கு உரியது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் தினேஷ் சிங் சௌகான் தீர்ப்பால் இது தடைப்பட்டது. 2020 ஆகஸ்ட் 31 அன்று தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்க வழக்கில் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு மாநிலத்தின் அதிகாரத்தை மீட்டளித்தது. சம்பளம் நிற்காமல் படிக்க முடியும் என்பதே கடன்பட்ட குடும்பத்து மருத்துவருக்கு அறுவையைச் சாத்தியமாக்குகிறது. உயர் சிறப்பு இடங்களிலும் பாதியை அரசுப்பணி மருத்துவருக்கு வழங்கும் 2020 நவம்பர் அரசாணையைச் செயல்படுத்த 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. சாதி என்ற சொல்லே இடம்பெறாத இந்த ஒதுக்கீட்டைத்தான் எங்களிடம் வரும் தலித் அறுவை மருத்துவர்கள் பலரும் முதலில் குறிப்பிடுகிறார்கள்.

எம்.சிஎச். வாசலில்

உயர் சிறப்புப் படிப்பில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு இல்லை. இதற்கு அடிப்படையாகக் காட்டப்படுபவை 1992-இன் இந்திரா சாகனி தீர்ப்பில், மருத்துவத்தின் உயர் சிறப்புத் துறைகள் போன்ற சில பதவிகளுக்கு ஒதுக்கீடு உகந்ததாகாது எனக் கூறப்பட்டதும், 1999-இன் ப்ரீத்தி ஸ்ரீவஸ்தவா தீர்ப்பும். பின்னதில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள், உயர் சிறப்பு நிலையில் ஒதுக்கீடு தேசநலனுக்கு ஒவ்வாது என்றனர். 2013-இல் எய்ம்ஸ் பேராசிரியர் பணியிடங்கள் தொடர்பான வழக்கிலும் இந்திரா சாகனியின் கருத்தே பின்பற்றப்பட்டது.

ப்ரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் நேரடியாக எழுந்த கேள்வி உயர் சிறப்புப் படிப்பைப் பற்றியதன்று. பொதுப்பிரிவினருக்கு 45, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20 என்ற அளவுக்கு முதுநிலை நுழைவுத் தேர்வின் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாழ்த்தலாமா என்பதே அங்கு விவாதம். உயர் சிறப்பு குறித்த கூற்று அதன் போக்கில் வந்தது. அதனைத் தீர்ப்பின் கட்டுப்படுத்தும் பகுதியாகக் கொள்ள முடியுமா என்ற வினா முறையாக ஒரு பேரமர்வின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. நூன்ஸ் தீர்ப்பு ‘தகுதி’ குறித்த பார்வையை மாற்றியிருக்கிறது. ஆனால் அது இரு நீதிபதிகளின் தீர்ப்பு, ஐவர் அமர்வை மீற அதனால் இயலாது.

இதற்கிடையே உயர் சிறப்பு இடங்கள் காலியாகவே போகின்றன. இதய நெஞ்சக அறுவை, குழந்தைகள் அறுவை போன்ற துறைகளுக்கு ஆள் வருவதில்லை என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. அவற்றை நிரப்பத் தகுதி எல்லையைக் குறைத்துச் சிறப்புச் சுற்றுகள் நடத்தப்பட்டுள்ளன. தேசநலனுக்காக ஒதுக்கீடு மறுக்கப்பட்ட இடம், தேசநலனுக்காகவே எல்லை தாழ்த்தப்பட்டு, அப்படியும் ஆளின்றிக் கிடக்கிறது. எம்.எஸ். முடித்த தலித் மருத்துவர் இதைப் பார்த்துக்கொண்டே மாவட்ட மருத்துவமனைக்குத் திரும்புகிறார்.

அரங்கின் உள்ளே

அறுவை மருத்துவம் நூலைப் படித்துக் கற்கும் கலையன்று. முதலில் ஓரமாக நின்று பார்த்து, பிறகு கொக்கி பிடித்து, பிறகு தையலிட்டு, மூத்தவர் அருகில் நிற்கத் தானே திறந்து கற்பது. எந்த மாணவருக்கு எந்த நாளில் எந்தப் படி வாய்க்கிறது என்பதைத் தீர்மானிப்போர் அரங்கில் இருக்கும் மூத்த மாணவர்களும் உதவிப் பேராசிரியர்களும். இங்கே தரவரிசை இல்லை, சுழற்சிப் பட்டியல் இல்லை, மேல்முறையீடும் இல்லை. எங்களிடம் வருவோரில் பலர் உண்மையான தேர்வு என்று சொல்வது இதைத்தான். வார்டில் கட்டு மாற்றவும், இரத்தம் வாங்கி வரவும், நோயாளி விவரம் எழுதவும் அழைக்கப்படும் ஒருவர், குடல்வால் அறுவைக்கு முறை வரும்போது மட்டும் அழைக்கப்படுவதில்லை. ‘கோட்டா’ என்ற சொல் எப்போதும் உரக்கச் சொல்லப்படுவதுமில்லை.

2018-இல் குஜராத்தில் அறுவை முதுநிலைப் படிப்பில் இருந்த தமிழ்நாட்டுத் தலித் மருத்துவர் ஒருவர், தம்மை அறுவை செய்ய விடாமல் தேநீர் பரிமாறச் செய்தார்கள் என்று குற்றஞ்சாட்டித் தற்கொலைக்கு முயன்றது செய்தியானது. அடுத்த ஆண்டு மே 22 அன்று மும்பையில் மகப்பேறு முதுநிலை மாணவியான பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி உயிரிழந்தார். சாதி சொல்லி இழிவுபடுத்தியதோடு, பிரசவ அறையிலும் அறுவை அரங்கிலும் கற்கும் வாய்ப்பை மறுத்தார்கள் என்பதும் அவருடைய குடும்பத்தார் மூத்த மாணவியர் மூவர்மீது வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற கோட்பாட்டின்படி, அம்மூவரும் தம் முதுநிலைப் படிப்பை அதே கல்லூரியில் முடிக்க அனுமதித்தது. கோட்பாட்டில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. ஒரு மருத்துவரின் பயிற்சி தடைப்படுவது ஈடுசெய்ய முடியாத இழப்பு என்பதை நீதிமன்றம் உணர்ந்திருக்கிறது. அதே உணர்வு கொக்கி பிடிக்கவும் அழைக்கப்படாத மாணவருக்காகவும் விரிய வேண்டும் என்கிறோம்.

சட்டத்தில் இதற்கு நேரான வழி இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரால் ஏசுவதையும் தண்டிக்கின்றன. எதுவும் பேசாமல் ஒருவரின் கையில் கத்தியைத் தராதிருப்பது அவற்றில் அகப்படாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரையும் ஏற்படுத்தச் சொல்கின்றன. அவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிட்டன என்று கூறித்தான் ராதிகா வெமுலாவும் ஆபிதா தட்வியும் 2019-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள்.

எஞ்சியிருக்கும் கருவி பயிற்சிப் பதிவேடு. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் தாம் பார்த்த, உதவிய, மேற்பார்வையில் செய்த, தனித்துச் செய்த அறுவைகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணைய விதிமுறைகளின் ஏற்பாடு. பல துறைகளில் இது இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரே மூச்சில் நிரப்பப்படும் சடங்காகிவிட்டது. அன்றன்றே எழுதி, மாதந்தோறும் கையொப்பம் பெற்ற பதிவேடு வேறு வகையான ஆவணம். ஒரே ஆண்டில் சேர்ந்த ஐந்து மாணவர்களின் பதிவேடுகளை அருகருகே வைத்தால், யாருக்கு எத்தனை அறுவைகள் தரப்பட்டன என்பதை எவருடைய வாக்குமூலமும் இன்றி அறியலாம். கையொப்பம் மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்ட நாளையும் கேட்டவிதத்தையும் குறிப்பிட்டுத் துறைத் தலைவருக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது. அரங்கின் அன்றாட அறுவைப் பட்டியல்களை, நோயாளியின் பெயரையும் அடையாளங்களையும் நீக்கித் தரும்படி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அரசுக் கல்லூரிகள் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. முதலாண்டின் முதல் மாதத்திலிருந்தே இதைச் செய்யுங்கள் என்று கலந்தாய்வு முடிந்து விடைபெறும் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறோம்.